வெள்ளை மூடிக்குள் ஒரு முள்: சேலத்து மெடிக்கல்களில் வாங்கும் கண் சொட்டு மருந்துகள், ஒரு மதிப்பீடு

ஜி.எச். எதிரிலோ நாலு ரோட்டிலோ அஸ்தம்பட்டியிலோ, எந்த மெடிக்கலில் கண் டாக்டரின் சீட்டை நீட்டினாலும் கைக்கு வருவது ஒரு காகித உறை. உள்ளே மூன்று நான்கு சின்ன அட்டைப்பெட்டிகள். பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளை பாட்டில். ஒன்று கிருமிக்கு, ஒன்று வீக்கத்துக்கு, ஒன்று அழுத்தத்துக்கு, ஒன்று வெறும் கண்ணீர். அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போட்ட அன்று சாயங்காலமே எது எதுவென்று குழம்பிவிடும்.

எந்தக் கம்பெனி சரக்கு உசத்தி என்று இங்கே பார்க்கப்போவதில்லை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் போடுகின்றன, சதவீதம் ஒன்றாக இருந்தால் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பார்க்க வேண்டியது வேறு. மூடி எப்படித் திறக்கிறது, துளி எப்படி விழுகிறது, சேலத்துச் சித்திரை வெயிலை மருந்து தாங்குமா, லேபிளை அறுபத்தைந்து வயதுக் கண் படிக்குமா? "மருந்து கேக்கலை சிஸ்டர்" என்று திரும்பி வருகிறவர்களிடம் பாட்டிலை வாங்கிப் பார்த்தால், பல சமயம் பழுது இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

மூடி

புதிதாக வாங்கிய பாட்டில்கள் பலவற்றின் முனையில் ஓட்டையே இருக்காது. மூடியைக் கழற்றி உட்பக்கம் பார்த்தால் நடுவில் கூராக ஒரு பிளாஸ்டிக் முள் நிற்கும். மூடிக்கும் பாட்டிலின் கழுத்துக்கும் இடையில் ஒரு வளையம். அந்த வளையம் இருக்கும்வரை மூடி முழுக்க இறங்காது, முள்ளும் முனையைத் தொடாது. வளையத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூடியை மூடுகிற திசையிலேயே, அதாவது வலப்பக்கமாக, கடைசிவரை இறுக்கித் திருக வேண்டும். முள் முனையைக் குத்தி இறங்குவது விரலுக்கே தெரியும். அதற்குப் பிறகு இடப்பக்கம் திருகித் திறந்தால் அளவான துளை தயார்.

திறப்பதற்கு முதலில் இறுக்கி மூட வேண்டும் என்பது வீட்டிலிருக்கும் வேறு எந்த டப்பாவுக்கும் இல்லாத வழக்கம். அதனால்தான் பிளேடால் முனையைச் சீவுகிறார்கள், ஊக்கை அடுப்பில் காட்டிக் குத்துகிறார்கள். சீவிய பாட்டிலில் துளை பெரிதாகிவிடும். ஒரு அமுக்குக்கு இரண்டு மூன்று துளி கொட்டி, ஒரு மாதம் வரவேண்டியது பத்து நாளில் காலி. சீவிய விளிம்பு கூராக நிற்கும், கை தவறிக் கண்ணில் பட்டால் கருவிழியைக் கீறும். ஊக்கில் இருந்த அழுக்கு உள்ளே போனால் அத்தோடு மருந்து கெட்டது. கழற்றிய வளையத்தைக் கழுத்திலேயே தொங்கவிடுவதும் ஆகாது, தலைகீழாகப் பிடிக்கும்போது அது கண்ணில் விழலாம்.

இந்த மூடிக்கு 5க்கு 2. முள் வைத்தது தப்பில்லை, துளை ஒரே அளவாக வரும். ஆனால் குத்தும் முறையைப் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், குப்பைக்குப் போகிற அட்டையில் அச்சிட்டால் யார் படிப்பது? வாங்கும்போதே கடைக்காரரிடம் "அண்ணே, மூடியைக் குத்திக் கொடுங்க" என்று கேட்பதும் நல்லதல்ல. திறந்த ஒரு மாதத்தில் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டும், குத்திய நிமிடத்திலிருந்தே அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். முறையை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம். அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் ஒரு நிற ஒழுங்கு வைத்திருக்கிறது. கண் பாப்பாவை (வெளிச்சத்துக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும் நடுத்துளையை) விரிப்பதற்குச் சிவப்பு, சுருக்குவதற்குப் பச்சை, கண் அழுத்தத்துக்கான டிமோலால் வகைக்கு மஞ்சள், வீக்கம் அடக்கும் ஸ்டீராய்டுக்கு இளஞ்சிவப்பு என்று போகும் அது. இங்கே எல்லாக் கம்பெனியும் அதைப் பின்பற்றுவதில்லை. "அந்த வெள்ளை மூடி மருந்து ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் என்ன வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

துளி

கீழ் இமைக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் பைக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். அதிலும் 7 முதல் 10 வரை ஏற்கெனவே கண்ணீர். பாட்டில் விடும் ஒரு துளியோ 30 முதல் 50. ஒரு துளியே பைக்கு அதிகம், இரண்டாவது துளி நேராகக் கன்னத்துக்கு. "இன்னொண்ணு விட்டா சீக்கிரம் குணமாகும்" என்பது பணத்தைத் துடைத்துப் போடுவது.

இரண்டு வெவ்வேறு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிடம் விடச் சொல்வதும் இதனால்தான். உடனே விட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆயின்ட்மென்ட் எப்போதும் கடைசியில், சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்து. முதலில் தடவினால் கொழுப்புப் படலம் போர்த்தி, அடுத்து விடும் மருந்தை உள்ளே ஏறவிடாது.

முறை இதுதான். சோப்புப் போட்டுக் கை கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, முடிந்தால் படுத்து, கூரையைப் பார்க்கவும். சுட்டுவிரலால் கீழ் இமையை இறக்கினால் ஒரு பை திறக்கும். பாட்டிலை ஓர் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் பிடித்து ஒரே துளி. முனை இமை முடியைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் அங்கிருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போகும். பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையைச் சுட்டுவிரலால் 2 நிமிடம் அழுத்தவும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் சிறு துளை இருக்கிறது. அடைக்காவிட்டால் மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் அழுத்தியது போதவில்லை என்று பொருள். கண்ணை இறுக்கிச் சிமிட்டுவது வேண்டாம், அதுவே பம்பு மாதிரி மருந்தை வெளியே தள்ளும்.

கை நடுங்குகிறவர்கள் பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம். துளி விழுந்ததா என்றே தெரியவில்லை என்பவர்கள், அறை வெப்பத்தில் வைக்கும் மருந்தையும் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துப் பார்க்கலாம், சில்லென்று விழுவது தெரியும். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம்.

புரை ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மருந்துப் பை

இதில் முக்கியமானது ஸ்டீராய்டு பாட்டில். பெரும்பாலும் பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1 சதவீதம். இது கரைசல் இல்லை, பொடி மிதக்கும் பால் போன்ற சஸ்பென்ஷன். நிறுத்தி வைத்தால் பொடி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் ஆரம்பத்தில் வெறும் தண்ணீரும் கடைசியில் கெட்டி மருந்துமாக இறங்கும். ஒவ்வொரு முறையும் பத்து இருபது தடவை நன்றாகக் குலுக்க வேண்டும். வீக்கத்துக்கான நேபாஃபெனாக், கண் அழுத்தத்துக்கான பிரின்சோலமைடு, பூஞ்சைக்கான நடாமைசின் எல்லாமும் குலுக்கும் ரகம்தான். இன்னொரு ஸ்டீராய்டான டைஃப்ளூபிரெட்னேட் 0.05 சதவீதம் எமல்ஷன், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்தது என்பதால் குலுக்கல் தொல்லை இல்லை. அந்த ஒரு வசதிக்காகவே நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் வீரியம் கூடியது, கண் அழுத்தத்தை ஏற்றும் வேகமும் கூட.

பலரும் எழுதித்தரும் குறைப்பு முறை முதல் வாரம் தினம் 6 முறை, அடுத்த வாரம் 5, பிறகு 4, 3, 2, 1. ஆறு வாரம். கூட்டிப் பாருங்கள்: ஒரு கண்ணுக்கு மொத்தம் 147 துளி. 40 மைக்ரோலிட்டர் துளி விழும் 5 மில்லி பாட்டிலில் 125 துளிதான் வரும். தவறி விழுந்ததைச் சேர்த்தால் இன்னும் குறையும். இது போக, திறந்த ஒரு மாதத்தில் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டும் என்று லேபிளே சொல்கிறது. ஆக ஆறு வாரத்துக்கு ஒரு பாட்டில் எப்படியும் போதாது. கடையில் ஒன்றுதான் கொடுத்தார்கள் என்று நாலாவது வாரம் மருந்து தீர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அடங்கிய வீக்கம் திரும்பி வந்து கண் சிவந்து கூசும். நேர்மாறான கோளாறும் உண்டு: நன்றாக இருக்கிறதே என்று மூன்று மாதம் விட்டுக்கொண்டே இருப்பது. இதில் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும்.

ஆன்டிபயாட்டிக் மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5 சதவீதம் என்றால் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேசான மஞ்சள் நிறம் இயல்பு, கெட்டுப்போனதில்லை. எழுதிய நாளுக்கு மேல் விட வேண்டாம், மிச்சத்தை எடுத்து வைக்கவும் வேண்டாம். கீட்டோரொலாக் போன்ற வலி அடக்கும் சொட்டு முதலில் சுரீரென்று எரியும், அதுவும் இயல்பே. ஆனால் வாரக்கணக்கில் தாமாக நீட்டித்தால் கருவிழி கரையும் அபாயம் உண்டு.

சீட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று: கண் சீட்டில் "ஓ.டி." என்றால் வலது கண். அதையே மாத்திரைச் சீட்டில் "தினம் ஒருமுறை" என்று எழுதுவது இங்கே வழக்கம். தினம் ஆறு முறை விட வேண்டியதை ஒருமுறை விட்டுக்கொண்டிருப்பவர்களின் சீட்டில் இந்த இரண்டு எழுத்தைத் தேடிப் பாருங்கள். "ஓ.எஸ்." இடது, "ஓ.யு." அல்லது "பி.ஈ." இரண்டு கண்ணும். வலது, இடது என்று தமிழில் எழுதித் தரும் டாக்டருக்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

கண் அழுத்த மருந்துகள்

ஆயுள் முழுக்க விட வேண்டியவை இவை, அதனால் பாட்டிலின் குறையும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

டிமோலால் 0.5 சதவீதம், விலை மலிவு, எங்கும் கிடைக்கும். தினம் இரண்டு முறை, இரண்டு கண் என்றால் மாதத்துக்கு 120 துளி. 5 மில்லி பாட்டில் கிட்டத்தட்ட அதே அளவுதான் தரும், நாலு துளி கன்னத்தில் விழுந்தால் மாதக் கடைசியில் பற்றாக்குறை. 50 மைக்ரோலிட்டர் துளியில் 0.25 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பார்க்கச் சின்ன அளவுதான். ஆனால் மூக்கு வழியாக ஏறுவது ஈரலைத் தாண்டாமல் நேரே ரத்தத்துக்குப் போகிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்னோட்டத் தடை) உள்ளவர்களுக்கு ஆகாது. சொட்டு விட ஆரம்பித்தபின் இரவில் இருமலும் இழுப்பும் புதிதாக வந்தால் நெஞ்சு டாக்டரிடம் போகும்போது இந்த பாட்டிலையும் எடுத்துப் போங்கள். "கண்ணு மருந்துதானுங்களே" என்று யாரும் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை. நாடி 60க்குக் கீழே போனால் அடுத்த துளிக்கு முன் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

கூட்டு மருந்துகளில் டிமோலால் ஒளிந்திருக்கும். பிராண்டு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் "டி" எழுத்து பல சமயம் அதுதான். "டி" இல்லாமலும் வரும். ஆகவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயரைப் படிக்க வேண்டும். ஒரே பாட்டிலில் இரண்டு மருந்து இருப்பது நோயாளிக்கு வசதிதான், துளி குறையும், 5 நிமிடக் காத்திருப்பும் இல்லை. ஆனால் ஏற்கெனவே தனி டிமோலால் விட்டுக்கொண்டிருப்பவர் பழைய பாட்டிலை நிறுத்தாமல் இரண்டையும் விடுவதுண்டு.

லேட்டனோபிராஸ்ட் 0.005 சதவீதம்தான் இந்தத் தொகுதியில் முதலிடம். இரவில் ஒரு துளி, நாளைக்கு ஒரு முறை. இரண்டு முறை விட்டால் பலன் கூடாது, குறையும். 2.5 மில்லி பாட்டிலில் சுமார் 80 துளி. இரண்டு கண்ணுக்கு 28 நாளில் 56 போக, தவறி விழுவதற்கு 24 துளி மிச்சம் வைத்துக் கட்டிய ஒரே பாட்டில் இதுதான் போல. இமை முடி நீண்டு அடர்வதும், விழியின் நிறம் கறுப்பதும், வெள்ளை விழி லேசாகச் சிவப்பதும் உண்டு. விழி கறுத்தால் திரும்ப வெளுக்காது என்பதை ஒரு கண்ணுக்கு மட்டும் விடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே கரும்பழுப்பு விழி உள்ளவர்களுக்கு மாற்றம் கண்ணுக்குத் தெரிவது அரிது.

இதன் குறை வெயில். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், திறந்தபின் 25 டிகிரிக்குள் நாலு வாரம், சில லேபிள்களில் ஆறு. சித்திரையில் 40ஐ நெருங்கும் சேலத்தில் 25 டிகிரி எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது? திறந்த பிறகும் ஃப்ரிட்ஜ்தான் வழி. வாங்கும்போது கடையில் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறார்களா, பின்னாலிருக்கும் மர அலமாரியிலிருந்தா என்று பாருங்கள். அலமாரியிலிருந்து வந்தால் அட்டையில் சேமிப்பு வெப்பநிலையைப் படியுங்கள். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று அச்சிட்ட தயாரிப்புகளும் உள்ளன, அப்படி இல்லையென்றால் வாங்காதீர்கள். ஸ்கூட்டர் டிக்கிக்குள் போட்டு ஆத்தூர்வரை கொண்டுபோவது மருந்தை வேகவைப்பதற்குச் சமம். பஸ்ஸில் போகிறவர்கள் ஐஸ் பையை ஒரு துண்டில் சுற்றி அதன்மேல் பாட்டிலை வைக்கவும், ஐஸோடு நேரடியாக ஒட்டினால் உறைந்துவிடும். ஏற்காட்டில் இந்தத் தொல்லை பாதிக்குமேல் குறைவு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பெரும்பாலான மாதம் வீட்டுக்குள்ளேயே அந்தக் குளிர்ச்சி கிடைத்துவிடும்.

பிரிமோனிடின் வாயை உலர்த்தும், மதியத்தில் தூக்கம் தள்ளும். மாதக்கணக்கில் விட்டபின் கண் சிவந்து அரித்தால் ஒவ்வாமை, மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு அறவே கூடாது, மூச்சு நின்றுபோகலாம். டார்சோலமைடு எரியும், கசக்கும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பைலோகார்பின் பாப்பாவைச் சுருக்கிவிடுவதால் சாயங்காலத்தில் மங்கல் தெரியும், புருவத்தில் வலி வரும்.

பாப்பாவை விரிப்பவை

டிராபிகமைடு 0.8, ஃபினைலெஃப்ரின் 5 சதவீதம் சேர்ந்த கூட்டு மருந்துதான் பரிசோதனைக்குப் பெரும்பாலும் விடுவது. 20 முதல் 30 நிமிடத்தில் பாப்பா விரியும், நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். ஏற்காட்டிலிருந்து டூ-வீலரில் இறங்கி வந்து கண் காட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்கவும். திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவு, எதிரில் பஸ், கண்ணில் சாயங்கால வெயில். கூட ஒருவர் வரட்டும், இல்லையென்றால் பஸ் நல்லது. ஃபினைலெஃப்ரின் பி.பி.யை ஏற்றும் என்பதால் அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சொட்டு விடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அட்ரோபின் விஷயத்தில் மதிப்பெண்ணே கிடையாது, எச்சரிக்கை மட்டும்தான். பிள்ளைகளின் மைனஸ் பவர் ஏறுவதைத் தணிக்க இரவில் விடுவது 0.01 சதவீதம். கண்ணாடிப் பரிசோதனைக்கும் உள்வீக்கத்துக்கும் விடுவது 1 சதவீதம். நூறு மடங்கு வித்தியாசம், பெயர் ஒன்று. 1 சதவீத பாட்டிலின் 50 மைக்ரோலிட்டர் துளியில் 0.5 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கிறது. நரம்பில் போடும் ஊசி ஆம்பூலிலேயே 0.6தான். இரண்டு கண்ணுக்கும் விட்டு மூலையை அழுத்தாமல் விட்டால் குழந்தையின் முகம் சிவந்து, வாய் உலர்ந்து, வேர்க்காமல் காய்ச்சல் அடித்து, நெஞ்சு படபடத்து, பிதற்ற ஆரம்பிக்கும். அப்போது அடுத்த துளி விடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கு ஆயின்ட்மென்டாகத் தருவது மூக்கில் இறங்குவதைக் குறைக்கத்தான். வாங்கும்போது சைபர்களை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்: சைபர், புள்ளி, சைபர், ஒன்று.

வெறும் கண்ணீர்

உலர்ந்த கண்ணை நனைக்கும் செயற்கைக் கண்ணீர் இது. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் பகலுக்கு, 1 சதவீதம் கெட்டி, கொஞ்ச நேரம் மங்கலாக்கும், இரவுக்கு ஏற்றது. இதில் பார்க்க வேண்டியது மருந்தை அல்ல, அதில் கலந்திருக்கும் கிருமி தடுப்பானை. பென்சல்கோனியம் குளோரைடு போட்டது என்றால் நாளைக்கு நாலு முறைக்கு மேல் விட வேண்டாம், அதுவே கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்துத்தான் திரும்பப் போட வேண்டும். அடிக்கடி விட வேண்டியவர்களுக்குத் தடுப்பான் இல்லாத ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பி நல்லது. 0.4 மில்லிதான், விலைதான் கடிக்கும். மிச்சமானதை மறுநாளுக்கு வைத்தால் அந்த விலை கொடுத்ததே வீண்.

தடுப்பான் இல்லாததைப் பெரிய பாட்டிலில் வாங்கினால், காற்றைத் திரும்ப உள்ளே இழுக்காத தனி வால்வு முனை இருக்கிறதா என்று பார்க்கவும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் இந்தியத் தயாரிப்பான செயற்கைக் கண்ணீர் ஒன்றைத் திரும்பப் பெற்றார்கள். சூடோமோனாஸ் கிருமித் தொற்று பரவி 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். அது தடுப்பான் இல்லாமல் பல முறை திறந்து மூடும் பாட்டில்.

சீட்டில்லாமல் வாங்குவது

"கண்ணு சிவந்திருக்குண்ணே, ஏதாச்சும் ட்ராப்ஸ் கொடுங்க" என்றால், பல கடைகளில் எடுத்துத் தருவது ஆன்டிபயாட்டிக்கும் டெக்ஸாமெத்தசோனும் கலந்த பாட்டில். ஒரே நாளில் சிவப்பு இறங்கும், அதனாலேயே அதற்கு நல்ல பெயர். மெட்ராஸ் ஐ, 1918ல் சென்னை எழும்பூரில் கண்டறிந்து அந்தப் பெயர் பெற்றது, பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். ஆபத்து அங்கே இல்லை. கரும்புச் சோகை, நெல் தாள், காப்பித் தோட்டத்துக் கிளை கண்ணில் கீறியபின் வரும் சிவப்பில் இருக்கிறது. அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். நம் பக்கத்து வயல் காயங்களில் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் இரண்டும் சகஜம். அதன்மேல் ஸ்டீராய்டு விட்டால் வலியும் சிவப்பும் குறைந்து, உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போது நாள் கடந்திருக்கும். இதற்கான நடாமைசின் 5 சதவீதத்தை ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை, வாரக்கணக்கில் விட வேண்டும். வெள்ளையாக இமையோரம் ஒட்டும், சலிப்புத் தட்டும், ஆனால் வேறு சுருக்கு வழி இல்லை.

ஸ்டீராய்டு கலந்ததா என்று கண்டுபிடிக்க மருந்துப் பெயர்ப் பட்டியலில் "சோன்", "லோன்" என்று முடிவதைத் தேடுங்கள்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன். டைஃப்ளூபிரெட்னேட் போல இப்படி முடியாதவையும் உண்டு. புரை ஆபரேஷன் மிச்ச பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் கிடந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ வந்த அன்று கை மாறுவது இந்த வகைதான்.

தேதியும் அடையாளமும்

திறந்த தேதியை பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் பிளாஸ்டிக்கில் வழுக்கும். லேபிளில் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழியும். பர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மேலே ஒரு துண்டு செல்லோடேப்.

படிக்க முடியாத, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பாட்டிக்குத் தேதி உதவாது, ரப்பர் பேண்டு உதவும். நாளைக்கு எத்தனை முறையோ அத்தனை பேண்டு பாட்டிலில் சுற்றவும். ஆன்டிபயாட்டிக்குக்கு நாலு, கண் அழுத்தத்துக்கு ஒன்றோ இரண்டோ, ஸ்டீராய்டுக்கு ஆறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டீராய்டு பாட்டிலிலிருந்து மட்டும் ஒரு பேண்டைக் கழற்ற வேண்டும். ஒரு மாதம் ஆகி புது பாட்டிலைக் குத்தும்போது, பழையதில் மிச்சமிருக்கும் இரண்டு பேண்டையும் அதற்கு மாற்றிவிட்டுத்தான் பழையதைக் குப்பையில் போட வேண்டும்.